கூடியிருக்கு, நல்லது

அந்த ஓராண்டில் நான் யாருக்கும் மருந்து கொடுக்கவில்லை. ஊசி போடவில்லை. இதைச் செய், அதைச் செய்யாதே என்று யாரையும் வற்புறுத்தவும் இல்லை. அளந்தேன். அளப்பதால் எவருக்கும் தீங்கு நேராது என்ற நம்பிக்கையோடுதான் அந்த வேலையில் சேர்ந்தேன். அது தவறு என்று நான் தெரிந்துகொள்வதற்கு ஒரு பெண்ணின் உயிர் ஒரு பிற்பகல் முழுவதும் இழுபறியில் கிடக்க வேண்டியிருந்தது.

சத்துணவியலில் முதுகலை முடித்திருந்தேன். எங்கள் ஊர் அபிராமத்துக்குப் பக்கம். மிளகாயும் பருத்தியும் போடுகிற குடும்பம். கடல் எங்களுக்கு ஒன்றரை மணி நேரப் பேருந்துப் பயணத் தொலைவில்தான் இருந்தது. ஆனாலும் ராமேஸ்வரத்துக்குத் திதி கொடுக்கப் போன நாட்களைத் தவிர நான் அதைப் பார்த்ததில்லை. ஆரோக்கியமான கர்ப்ப காலத்தில் பெண்கள் என்ன உண்கிறார்கள், அவர்கள் உடம்பு மாதத்துக்கு மாதம் எப்படி மாறுகிறது என்று பதிவு செய்யும் ஓர் ஆய்வுக்குக் களப்பணியாளர் தேவைப்பட்டபோது விண்ணப்பித்தேன். ஏர்வாடியிலிருந்து மினி பஸ்ஸில் போகும் ஒரு கடற்கரைக் குடியிருப்பை எனக்கு ஒதுக்கினார்கள்.

'ஆரோக்கியமான' என்ற சொல்லுக்கு அந்த ஆய்வில் திட்டமான வரையறை இருந்தது. சர்க்கரை உள்ளவர்கள், ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள், முந்தைய பிரசவத்தில் சிக்கல் கண்டவர்கள் எல்லாரும் தொடக்கத்திலேயே விலக்கப்பட்டார்கள். மூன்றாம் மாதத்தில் ஆரம்ப சுகாதார நிலையம் கொடுத்த அட்டையைப் பார்த்து, எல்லாம் சரியாக இருப்பவர்களை மட்டும் சேர்த்துக்கொண்டோம். அதற்குப் பிறகு மாதம் ஒரு முறை நான் எழுத வேண்டியவை நான்கு: எடை, மேல்கைச் சுற்றளவு, கணுக்கால் சுற்றளவு, முந்தைய நாள் உண்ட உணவு. ரத்த அழுத்தத்துக்குப் படிவத்தில் கட்டம் கிடையாது. "அத ஹெல்த் சென்டர்ல மாசாமாசம் பாத்துருவாங்கம்மா, நாமளும் ஏன் பாக்கணும்?" என்றார் ஆய்வை நடத்திய பேராசிரியர். எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

அந்தக் குடியிருப்பின் பெண்கள் கடற்பாசி எடுத்து விற்பவர்கள். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிக் கடல் வற்றும் நாட்களில், விடிவதற்கு முன்பே வள்ளத்தில் ஏறித் தீவுப் பக்கம் போவார்கள். புடவைக்கு மேல் கணவனின் முழுக்கைச் சட்டை. பாறை கிழிக்காமலிருக்கப் பத்து விரல்களிலும் துணிச் சுற்று. முகத்தில் ரப்பர் விளிம்பு வைத்த கண்ணாடி. இடுப்பில் கட்டிய வலைப்பை. மூச்சைப் பிடித்து மூழ்கி, பாறையில் ஒட்டியிருக்கும் மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்த்துப் பையில் திணித்துக்கொண்டு எழுவார்கள். நான்கு மணி நேரம், ஐந்து மணி நேரம் கழுத்தளவு நீரிலேயே இருந்துவிட்டு, முற்பகலில் கரையேறுவார்கள்.

கர்ப்பிணிகளும் போனார்கள். முதலில் அதிர்ந்துபோய் ஒருத்தியிடம் கேட்டேன், வயிற்றில் பிள்ளையோடு எப்படி மூழ்குகிறாய் என்று. அவள் சிரித்தாள். "கரையிலதான் பிள்ள கனக்கும். கடல்ல அதுவும் மிதக்குது, நானும் மிதக்குறேன்." எட்டாம் மாதம் வரைக்கும் போவது அங்கே வழக்கம்.

அவர்களை வீடு வீடாகத் தேடிப் போவதைவிட, கரையேறும் இடத்திலேயே நின்றுகொள்வது எனக்கு எளிதாக இருந்தது. எல்லாரும் ஒரே நேரத்தில் வருவார்கள். ஒரு முற்பகலில் வேலை முடிந்துவிடும். வேலி ஓரம் பலகை போட்டு, அதன்மேல் எடை மெஷினை வைப்பேன். அவர்கள் ஈரச் சட்டையைக் கழற்றிவிட்டு, உலர்ந்த புடவை மாற்றிக்கொண்டு வரிசையாக வந்து ஏறுவார்கள். இந்த ஏற்பாட்டைப் பேராசிரியரிடம் பெருமையாகச் சொன்னேன். அவரும் பாராட்டினார்.

நான் சொல்லப் போகிற பெண்ணுக்கு என்னைவிட மூன்று வயது கூட இருக்கும். முதல் பிள்ளை இரண்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தான். இது அவளுக்கு இரண்டாவது கர்ப்பம். கணவன் விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். மாமியாரும் பாசிக்காரிதான், ஐம்பதைத் தாண்டியும் மூச்சுப் பிடிப்பில் குமரிகளைத் தோற்கடிப்பவர், வாயில் யாரையும் விட்டுவைக்காதவர். நான் முதல் முறை டேப்பை எடுத்தபோது அவர்தான் கூட்டத்தைச் சிரிக்க வைத்தார்.

"ஏத்தா, கல்யாணம் ஆகாத பிள்ள வயித்துக்காரியள அளக்க வந்துருக்கு! என்னத்தத் தைக்கப் போற, ஜாக்கெட்டா?"

"தைக்கல அத்தை. எவ்வளவு சத்து ஏறுதுன்னு பாக்குறோம்."

"நேத்து என்ன தின்னன்னு வேற கேக்குது. இதக் கேக்குறதுக்கா ஒனக்குச் சம்பளம் குடுக்குறான்? சொல்லுடி, பிரியாணியும் கோழியும்னு சொல்லு. எழுதிக்கிட்டுப் போகட்டும்."

மருமகள் வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னாள். காலையில் ஒன்றுமில்லை, வயிறு நிறைந்திருந்தால் மூச்சு நிற்காது, கடலில் வாந்தி வரும். கரைக்கு வந்ததும் நீராகாரம். மத்தியானம் சோறு, சூடை மீன் குழம்பு. இரவு அதே குழம்பு. கருவாடு, எப்போதாவது முருங்கைக்கீரை. சத்துமாவு வாங்கினாள், ஆனால் அதைப் பையன்தான் சாப்பிட்டான். இரும்புச்சத்து மாத்திரை போட்டால் குமட்டுகிறது என்றாள். எல்லாவற்றையும் எழுதினேன். கேழ்வரகும் கீரையும் சேர்க்கச் சொன்னேன். "கேப்ப என்ன, கடல்லயா விளையுது?" என்றார் மாமியார்.

எனக்கு அந்த வரிசை பிடித்திருந்தது. படிப்பில் படமாகப் பார்த்தவற்றை அங்கே உடம்புகளாகப் பார்த்தேன். கர்ப்பத்தில் ரத்தத்தின் அளவு பெருகுகிறது. அதில் நீரின் பங்கு முந்திக்கொண்டு பெருகுவதால் ரத்தம் நீர்த்ததுபோலத் தெரிகிறது. மார்பு கனக்கிறது. தொப்புளிலிருந்து கீழ்நோக்கி ஒரு கருங்கோடு இறங்குகிறது. கன்னத்தில் நிழல் விழுந்ததுபோல் நிறம் மாறுகிறது. மாலையில் பாதம் வீங்கி, காலையில் வடிகிறது. இத்தனையும் நலத்தின் அடையாளங்கள். ஒரு பெண்ணின் உடம்பு நோயில்லாமலேயே இவ்வளவு மாறும் என்பது எனக்கு வியப்பாக இருந்தது. அந்த வியப்புக்குள் இருந்த எச்சரிக்கையை நான் படிக்கவில்லை. ஆரோக்கியமே இத்தனை வீக்கமும் நிற மாற்றமும் தலைசுற்றலுமாக வருமானால், ஆபத்து வரும்போது அது வேறு என்ன வேடத்தில் வரும்?

அவள் எடை மாதாமாதம் ஏறியது. சோற்றையும் சூடை மீனையும் மட்டும் தின்று இப்படி ஏறுகிறாளே என்று மகிழ்ந்தேன். மெஷினிலிருந்து அவள் இறங்கும்போதெல்லாம், மற்றவர்களுக்குச் சொல்வதைப் போலவே அவளுக்கும் சொன்னேன்: "கூடியிருக்கு, நல்லது." எண்களைப் படிக்கத் தெரியாத மாமியார் அந்த இரண்டு சொற்களை மனப்பாடம் செய்துகொண்டார். நான் வாய் திறக்கும் முன்பே அவரே கேட்பார்: "கூடியிருக்கா?" நான் தலையாட்டுவேன். அவர் மற்ற மாமியார்களை ஒரு பார்வை பார்ப்பார்.

கணுக்கால் மட்டும் ஒவ்வொரு மாதமும் ஏறக்குறைய அதே அளவில் இருந்தது. 'வீக்கம்: இல்லை' என்று எழுதினேன். ஏழாம் மாதத்தில் ஒரே மாதத்தில் எடை வழக்கத்தைவிட அதிகமாகக் கூடியிருந்தது. அப்போதும் கணுக்கால் ஒல்லியாகவே இருந்தது. ஆகவே கூடியதெல்லாம் சதை, பிள்ளை, சத்து என்று முடிவு செய்தேன். பேராசிரியருக்கு அனுப்பிய குறிப்பில், உணவு எளிமையாக இருந்தும் எடை சிறப்பாகக் கூடிய பெண் என்று அவளைப் பற்றித் தனியாக ஒரு வரி எழுதினேன்.

அங்கே என்னை 'நர்சு பிள்ள' என்று கூப்பிட்டார்கள். முதல் மாதம் திருத்தினேன்: நான் நர்ஸ் இல்லை, கணக்கெடுக்க வந்தவள். இரண்டாம் மாதமும் திருத்தினேன். அதற்குப் பிறகு விட்டுவிட்டேன். அந்தப் பெயரில் ஒரு மரியாதை இருந்தது. வெயிலில் நிற்கும்போது யாராவது முக்காலி கொண்டுவந்து போட்டார்கள்.

உண்மையான நர்ஸ், கிராம சுகாதார செவிலியர், பல குடியிருப்புகளுக்கு ஒற்றை ஆளாக ஓடிக்கொண்டிருந்தவர். ஒரு நாள் மினி பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கர்ப்பிணிகளுக்குச் சுகாதார நிலையத்தில் பரிசோதனை வாரத்தில் ஒரே நாள்தான். அந்த நாள் கடல் வற்றும் நாளோடு மோதிக்கொண்டால் பாசிக்காரிகள் வரமாட்டார்கள். வற்றாத நாளில் வந்துவிடுவார்கள்.

"முன்னெல்லாம் ஒரு வாரம் தவறுனா மறு வாரமாவது வந்துருவாளுக. இப்ப அதுவும் இல்ல," என்றார். அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லி, "அவ அஞ்சாம் மாசத்தோட சரி. நீ போறேல்ல, கொஞ்சம் சொல்லி அனுப்பும்மா" என்றார்.

சொன்னேன். அவள் எடை மெஷினில் நின்றுகொண்டிருந்தபோது சொன்னேன்.

"அதான் நீயே மாசாமாசம் வந்து எல்லாம் பாத்துர்றியே," என்றாள் அவள்.

"அங்கன போனா ஒரு நாள் பொழப்பு போச்சு. ஊசிய ஒண்ணு குத்தி அனுப்புவாக," என்றார் மாமியார். "நீ குத்தாமலே பாக்குற. ஒன் கை ராசி."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவளுக்குப் பின்னால் இன்னும் ஏழு பேர் நின்றிருந்தார்கள், மினி பஸ் பன்னிரண்டரைக்கு. 'நான் பார்ப்பது அதுவல்ல' என்று சொல்லியிருக்க வேண்டும். இரண்டு நிமிடம் ஆகியிருக்கும்.

எட்டாம் மாத அளவுக்குப் போன நாளில் மினி பஸ் வழியில் நின்றுவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது இரண்டு மணி. கரையில் யாரும் இல்லை. பாசி மட்டும் மணலில் காய்ந்துகொண்டிருந்தது. முதன்முறையாக வீடு வீடாகப் போனேன். நான்காவதாக அவள் வீடு.

வாசலில் வேப்ப நிழலில் மாமியாரும் அவளும் உட்கார்ந்து, அவர்களுக்கென்று பிரித்துவைத்த பாசியிலிருந்து கல்லையும் சிப்பியையும் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். அவள் நிமிர்ந்தாள். கண்களைச் சுற்றி, மூக்கின் மேலே, கண்ணாடியின் ரப்பர் விளிம்பு அழுந்திய பள்ளம் அப்படியே இருந்தது.

"இப்பத்தான் வந்தீங்களாக்கா?" என்று கேட்டேன்.

"எங்க! பதினோரு மணிக்கே வந்தாச்சு," என்றார் மாமியார். "மூஞ்சியப் பாத்துட்டுக் கேக்குறியா? எனக்கெல்லாம் வீடு வாரதுக்குள்ள அழிஞ்சுரும். இவளுக்குக் கண்ணாடி கழட்ட மனசில்ல போல, மூஞ்சியிலயே வச்சுக்கிட்டு வந்துட்டா."

மூவரும் சிரித்தோம். நான் மெஷினைக் கீழே வைத்தேன். அவள் எழுந்திருக்க என் தோளைப் பிடித்துக்கொண்டாள். மெஷின் காட்டிய எண்ணைப் பார்த்ததும், வழக்கமான அந்த இரண்டு சொற்கள் என் வாய்க்குள் வந்துவிட்டன. ஆனால் வெளியே வரவில்லை. ஒரு மாதத்தில் எந்தப் பெண்ணும் அவ்வளவு கூட மாட்டாள். குனிந்து கணுக்காலுக்கு டேப்பைப் போட்டேன். மாதாமாதம் எழுதிவந்த அளவு அங்கே இல்லை. கணுக்காலே இல்லை, முழங்காலிலிருந்து பாதம் வரை ஒரே தூண் இறங்கியிருந்தது.

"அக்கா, இது எப்பருந்து?"

"கால் வீங்குறதா? அது ரெண்டு மாசமா இருக்கே. சாயங்காலம் ஆனா வீங்கிக்கிரும். கடலுக்குப் போயிட்டு வந்தா வடிஞ்சுரும். கடல்ல கெடந்தா ஒடம்பு லேசாயிரும், ஒண்ணுக்குத்தான் அடிக்கடி வரும். இன்னக்கித்தான் வடியல."

கட்டைவிரலால் அவள் முன்காலை அழுத்தி எடுத்தேன். குழி விழுந்தது. ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினேன். முப்பது வரை எண்ணியும் குழி நிரம்பவில்லை.

"தலை வலிக்குதாக்கா?"

"நாலு நாளா. வெயிலு."

"கண்ணு?"

"மினுக்குமினுக்குங்குது. உப்புத் தண்ணி பட்டுருக்கும்."

ஒவ்வொன்றுக்கும் அவளிடம் ஒரு காரணம் இருந்தது. ஒவ்வொரு காரணமும் ஏற்கத்தக்கதாக இருந்தது. இவை அத்தனையும் ஒன்றாகச் சேர்ந்தால் அதற்கு என்ன பெயர் என்று கல்லூரியில் ஒரு தேர்வில் எழுதி நான் மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.

"அத்தை, உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும். இப்பவே."

மாமியார் பாசியிலிருந்து கையை எடுக்கவில்லை. "என்னவாம்?"

"பிரஷர் ஏறியிருக்கும்னு நினைக்கிறேன். எடை ரொம்பக் கூடியிருக்கு."

"கூடியிருந்தா நல்லதுதான?"

விளக்க முயன்றேன். இது சதையில்லை, நீர். கெட்ட நீர். அவர் என்னைக் கூர்ந்து பார்த்தார்.

"போன மாசமும் கூடியிருக்குன்ன. அதுக்கு மொத மாசமும் கூடியிருக்குன்ன. நல்லது நல்லதுன்னு சொல்லி, ஊரு பூராவும் நான் பெருமை பேசிட்டுத் திரிஞ்சேன். இன்னக்கி அதே கூடுறது கெட்டதா? என்ன பேச்சு பேசுற?"

"அத்தை, அப்ப நான் சொன்னது தப்பு."

"அவ புருஷன் கடலுக்குப் போயிருக்கான். விடியத்தான் வருவான். அவன் வரட்டும்."

அரை மணி நேரத்துக்கு மேல் அந்த வேப்ப மரத்தடியில் கழிந்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்தார்கள். ஒருத்தி எலுமிச்சைச் சாறு கொடுக்கச் சொன்னாள். இன்னொருத்தி, மாசமானவளுக்குக் கால் வீங்காமல் வேறென்ன வீங்கும் என்றாள். அது பொய்யில்லை, நானே அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததுதான். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்துவிட்டு, சுகாதார செவிலியருக்கும் போன் செய்து ஸ்பீக்கரில் போட்டேன். செவிலியர் மாமியாரிடம் நயமாகப் பேசவில்லை. "ஏ ஆத்தா, மருமக வேணுமா வேணாமா? வேணும்னா வண்டியில ஏத்து!" என்று கத்தினார். அதன் பிறகுதான் மாமியார் எழுந்து கையைக் கழுவினார்.

ஆம்புலன்ஸில் ராமநாதபுரம் போகும் வழியில் அவள் என்னிடம் சாதாரணமாகத்தான் பேசிக்கொண்டு வந்தாள். பையன் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் சோறு அடுப்படியில் மூடியிருக்கிறது என்று யாராவது சொல்ல வேண்டும் என்றாள். பிறகு பேச்சு நடுவிலேயே நின்றது. கண்கள் ஒரு பக்கமாகச் சுழன்று நின்றன. தாடை இறுகியது. கை கால்கள் வெட்டத் தொடங்கின. வண்டியில் இருந்த உதவியாளர் அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்துப் பிடித்துக்கொண்டார். மாமியார் கத்தவில்லை. அவளுடைய பாதம் இரண்டையும் தன் மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "ஏத்தா, ஏத்தா, ஏத்தா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

மருத்துவமனையில் அவளை உள்ளே கொண்டுபோனார்கள். வலிப்பை நிறுத்த ஊசி போட்டார்கள். சற்று நேரத்தில் ஒரு பெண் மருத்துவர் வேகமாக வெளியே வந்தார்.

"இந்தப் பொண்ணோட அட்டை எங்க? முந்தி பிபி எவ்வளவு இருந்துச்சு?"

மாமியாருக்கு அந்தக் கேள்வியில் ஒரு தெம்பு வந்தது போலிருந்தது. என் தோளில் கையை வைத்து முன்னால் தள்ளினார். "இந்தப் பிள்ளகிட்ட எல்லாம் இருக்கு டாக்டரம்மா. மாசாமாசம் வந்து அளந்து எழுதியிருக்கு. ஒரு மாசம் தவறுனதில்ல."

மருத்துவர் கையை நீட்டினார். படிவக் கட்டைக் கொடுத்தேன். அவர் நின்றபடியே புரட்டினார். எடை. மேல்கை. கணுக்கால். நீராகாரம், சோறு, சூடை மீன் குழம்பு. வீக்கம்: இல்லை. வீக்கம்: இல்லை. வீக்கம்: இல்லை. தாள்கள் தீர்ந்ததும் மறுபடி முதலிலிருந்து புரட்டினார்.

"பிபி எதுல இருக்கு?"

"இதுல இல்லைங்க மேடம்."

"வேற எதுல?"

"நாங்க பாக்கல."

அவர் என்னைத் திட்டவில்லை. அவருக்கு நேரமில்லை. கணுக்கால் எப்போது அளந்தாய் என்று மட்டும் கேட்டார். கடலிலிருந்து ஏறியதும் என்றேன். "அஞ்சு மணி நேரம் தண்ணிக்குள்ள நின்னா இருக்குற வீக்கமெல்லாம் வடிஞ்சுருமே," என்று சொல்லிக்கொண்டே கட்டை என் கையில் திணித்துவிட்டு உள்ளே போனார். ஆபரேஷனுக்கு ரத்தம் ஏற்பாடு செய்யச் சொல்லி ஒரு நர்ஸ் வந்து சீட்டைக் கொடுத்தார்.

மாமியார் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். எங்கள் உரையாடலில் அவருக்குப் புரியாத சொல் எதுவும் இல்லை. என்னைப் பார்க்காமலேயே கேட்டார்.

"அப்ப மாசாமாசம் வந்து நீ என்னத்தத்தான் பாத்த?"

பெண் குழந்தை பிறந்தது. இரண்டு கிலோ கூட இல்லை. கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். தாய் கண் விழிக்க மறுநாள் மதியமானது. விழித்த பிறகும் இரண்டு நாள் அவளுக்குப் பார்வை தெளியவில்லை. கணவன் படுக்கையோரம் நின்று என்ன சொன்னாலும், முகத்தைக் குரல் வந்த பக்கம் திருப்பி, தவறான இடத்தைப் பார்த்தாள். ரத்த அழுத்தம் இறங்க வாரங்கள் ஆகும் என்றார்கள். இருவரும் பிழைத்தார்கள். அதை இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்தப் பிழைப்பில் எனக்குப் பங்கு உண்டு என்று யாராவது சொன்னால் நான் ஏற்பதில்லை. அந்தக் குடியிருப்புக்கு நான் போகாமலே இருந்திருந்தால், அவள் கடல் வற்றாத ஒரு வாரத்தில் முன்பு போல சுகாதார நிலையத்துக்குப் போயிருப்பாள். ஆறாம் மாதத்திலேயே அவள் கையில் பட்டையைச் சுற்றி அழுத்தத்தைக் கண்டுபிடித்திருப்பார்கள். நடக்காமல் போன ஒன்றை நிரூபிக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் கணக்கு அந்தப் பக்கமே சாய்கிறது.

பேராசிரியருக்குப் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வருந்தினார், உண்மையாகவே வருந்தினார். பிறகு, அந்தப் பெண்ணை ஆய்விலிருந்து நீக்கிவிட வேண்டும் என்றார். நாம் எடுத்துக்கொண்டது ஆரோக்கியமான கர்ப்பம். இவள் இனி அந்த வரையறைக்குள் வரமாட்டாள். அவர் சொன்னது முறைப்படி சரி. அவளை நீக்கியதும் மற்றவர்களின் எண்களெல்லாம் அழகாகப் பொருந்தின. அந்தக் கரையில் யாருக்கும் வீக்கமே வரவில்லை என்று அந்த அட்டவணையைப் படிப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அளந்த நேரமும் இடமும் தவறு, கணுக்கால் எண்களை நம்பக்கூடாது என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். ரத்த அழுத்தத்துக்கு ஒரு கட்டம் சேர்க்கக் கேட்டேன். அடுத்த கட்ட ஆய்வில் பார்க்கலாம் என்றார்.

பட்டியலில் மீதமிருந்த பெண்களை நான் விட்டுவிட்டு வரவில்லை. செவிலியரோடு சேர்ந்து வீடு வீடாகப் போனேன். நான் நர்ஸ் இல்லை, நான் அளந்தது மருத்துவம் இல்லை, என்னை நம்பிப் பரிசோதனைக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள் என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னேன். சொல்லச் சொல்ல முகங்கள் மாறின. சிலர் செவிலியரிடம் கையை நீட்டினார்கள். சிலர் நீட்டவில்லை. "இவுகளும் அதே மாதிரி கருவியத்தான கொண்டாந்துருக்காக," என்று ஒருத்தி பக்கத்திலிருந்தவளிடம் சொன்னது எனக்குக் கேட்டது. நான் என் மேலிருந்த நம்பிக்கையை மட்டும் கழற்றி எடுத்துவிட நினைத்தேன். அது தனியாக வரவில்லை.

அவள் பிள்ளையோடு வீடு திரும்பிய பத்தாம் நாள் அந்த வாசலுக்கும் போனோம். அவளைச் செவிலியர் பரிசோதித்தார். அழுத்தம் இறங்கத் தொடங்கியிருந்தது. குழந்தை துணிப்பொதிக்குள் பால் குடித்துக்கொண்டிருந்தது. அவள் என்னிடம் கோபமாகப் பேசவில்லை. மெல்லிய குரலில் ஒரே ஒரு செய்தியைச் சொன்னாள்: பின்கட்டில் குடியிருக்கும் கொழுந்தன் மனைவிக்கு இது நான்காம் மாதம். இன்னும் அட்டைகூடப் போடவில்லை.

"சின்னப் பிள்ள. பயந்து கெடக்கு. எனக்கு வெட்டு வந்தத எல்லாருமாச் சேந்து அதுகிட்டச் சொல்லி வச்சுருக்காக. நீங்களாவது பாருங்க."

நாங்கள் பின்கட்டுக்குப் போனோம். கதவு சாத்தியிருந்தது, உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. செவிலியர் கதவைத் தட்டி, "தாயி, ஒரு நிமிசம், பிரஷர் மட்டும் பாத்துட்டுப் போயிர்றோம்" என்றார். டிவி சத்தம் சட்டென்று நின்றது. கதவு திறக்கவில்லை.

மாமியார் பின்னாலேயே வந்து நின்றார். "அவ இங்கன இல்ல. சாயல்குடிக்கு அவ ஆத்தா வீட்டுக்குப் போயிருக்கா."

"உள்ள ஆளு இருக்காக அத்தை," என்றேன்.

"இல்லைங்குறேன்ல? பாக்க வந்தவுக பாத்ததெல்லாம் போதும்."

செவிலியர் கொஞ்சம் உரக்கவே பேசிப் பார்த்தார். பிறகு கெஞ்சிப் பார்த்தார். மாமியார் அசையவில்லை. அவர் முகத்தில் பிடிவாதத்தைவிடப் பயமே அதிகமாக இருந்தது. ஒரு மருமகளை இழக்கும் நிலைவரை போய் மீட்டவர். அடுத்தவளை எங்களிடமிருந்து காப்பாற்றிக்கொண்டிருந்தார்.

செவிலியர் ஒரு புதிய அட்டையை எடுத்து, கொழுந்தன் மனைவியின் பெயரைக் கேட்காமலே, தேதியை மட்டும் எழுதிப் பைக்குள் வைத்துக்கொண்டார். மறு வாரமும் போனோம். கதவு சாத்தியிருந்தது. அதற்கு அடுத்த வாரம் போனபோது, எங்கள் குரல் கேட்கும் முன்பே, நாங்கள் வாசல் வேம்பைத் தாண்டும்போதே பின்கட்டில் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. உள்ளே இருந்தவளுக்கு ஐந்தாம் மாதம் பிறந்திருந்தது.